இடதுபக்க ஜன்னல்

வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த வேனின் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகாரியம்மாவின் மூக்கின் மேல் விழுந்தது.

அது லேசுப்பட்ட மூக்கு அல்ல. சுங்க இலாகாவில் வேலை பார்த்த காலமெல்லாம், பூட்டிய பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது இன்னது என்று சொன்ன மூக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்தில் அதைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்களாம். பேசிக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சமையல் ஆவி கூரை முழுக்கப் படிந்து முத்து முத்தாகத் தொங்கியது. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் ஒரே இடத்தில் அடங்கிய வேன் அது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், ஊர் ஊராகப் போகலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய அன்றே, "இத்தனை வருஷம் நீ ஆக்கிப் போட்ட. இந்த வேனுக்குள்ள கரண்டி என் கையிலதான்" என்று சொல்லிவிட்டார். அதிகாரியம்மா வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வண்டியில் ஏறினார்.

"ஜன்னலத் திறங்க. உள்ள மழை பெய்யுது."

கணவர் இடதுபக்க ஜன்னலைத் திறந்தார்.

"ஏன் அந்தப் பக்கம்? ஏரிப் பக்கம்தான காத்து வருது."

"அந்தக் காத்து அடுப்ப அணைச்சிடும்மா."

சரியான பதில்தான். அதுதான் அதிகாரியம்மாவை உறுத்தியது. பெட்டிக்குள் எதையாவது ஒளித்து வைத்தவர்கள்தான் கேட்டவுடன் இப்படிச் சரியான பதிலாகச் சொல்வார்கள்.

இடதுபக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு வேன் நின்றிருந்தது. அதன் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு, வைக்கோல் தொப்பி வைத்த ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். துணைக்கு யாரும் இல்லை. நாற்காலி ஏரியைப் பார்த்து இருந்திருந்தால் நியாயம். அது இந்த ஜன்னலைப் பார்த்து இருந்தது. தொப்பிக்காரி ஒரு கையைத் தூக்கினாள். கணவர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுத் தக்காளியை அள்ளிப் போட்டார்.

நேற்றும் இதேபோல ஒரு கை தூக்கப்பட்டது அதிகாரியம்மாவுக்கு நினைவு வந்தது. அதைத் தற்செயல் என்று விட்டதற்காகத் தன்னையே கடிந்துகொண்டார்.

மறுநாள் இடதுபக்க ஜன்னல் சாத்தப்பட்டது. அதன்மேல் ஒரு போர்வையும் தொங்கியது. ஏரிப் பக்க ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, காற்றோட்டம் என்றால் இதுதான் என்று அறிவித்து, அதிகாரியம்மா வெளியே படியில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கேஸ் நெடி மூக்கில் ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், காற்றில் அடுப்பு அணைந்து கிடக்கிறது, கணவர் ஆறிப்போன சட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். அதிகாரியம்மா பாய்ந்து கேஸை மூடினார்.

"அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியாம நிக்கிறீங்களே, மனசு எங்க இருக்கு?"

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ யோசனை என்றார். என்ன யோசனை என்று கேட்டதற்கு, போர்வை தொங்கிய ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதைவிட வாக்குமூலம் வேறு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் அதிகாரியம்மா.

அன்றே ஒரு மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். கூரையில் துளை போட்டு, புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றை மாட்டினார். இனி ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அதிகாரியம்மா எல்லா ஜன்னலையும் கதவையும் சாத்தி, விசிறியைப் போட்டுவிட்டார். ஆவியெல்லாம் கூரை வழியாகப் பறந்தது. கூடவே தொட்டியின் ஓட்டையிலிருந்து, அடியில் தேங்கிய கழிவுநீரின் நாற்றம் குப்பென்று கிளம்பியது.

அதிகாரியம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். மெக்கானிக் அவருக்கு முன்பே வந்து நின்றார். உள்ளே கணவர் மட்டும் ஏதோ மெட்டை முணுமுணுத்தபடி சாவகாசமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"காத்த வெளிய இழுத்தா, உள்ள வர்றதுக்கு ஒரு வழி வேணும்ல மேடம்" என்றார் மெக்கானிக். "எல்லாத்தையும் அடைச்சா சாக்கடைக் குழாய் வழியாத்தான் இழுக்கும். இந்த இடதுபக்க ஜன்னலக் கொஞ்சம் திறந்து வச்சீங்கன்னா சரியாப் போயிடும்."

அதிகாரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ ஜன்னல் இருக்க, இந்த ஆள் ஏன் அதைச் சொல்கிறான்? இவனும் கூட்டா? வேறு வழி சொல்லும்படி கறாராகக் கேட்டதில், மெக்கானிக் கதவின் அடியில் ஒரு துவாரம் வெட்டிக் கம்பிவலை அடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

காற்றோட்டம் இப்போது பிரமாதமாக இருந்தது. கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அடுப்பின் வாசனைகூட உள்ளே தங்காமல் கூரை வழியாகவே போய்விட்டது. ஆனால் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. வெங்காயம் கரியானது. பால் அடிபிடித்தது. மீனைத் தட்டில் போட்டால் டொக்கென்று சத்தம் கேட்டது. கணவர் சட்டியைப் பார்ப்பதும் சாத்திய ஜன்னலைப் பார்ப்பதுமாக, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தார். அவளைப் பார்க்காமல் சமைக்கக்கூட முடியவில்லை போலிருக்கிறது என்று அதிகாரியம்மா பல்லைக் கடித்தார்.

இதற்குள் தொப்பிக்காரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் வந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்து, கூரையிலிருந்து மேலே போகும் புகையை அண்ணாந்து பார்த்து மூக்கை உறிஞ்சினாள்.

கடைசியாக ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார் அதிகாரியம்மா. புதிதாக ஒரு செண்டு வாங்கி, பாதிப் புட்டியை மேலே கொட்டிக்கொண்டு கணவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில், அவர் ஓட்டிய நிறைந்த பேருந்தில் இவர் பின்வாசல் வழியாக ஏறினாலும், செண்டு வாசனையை வைத்தே, திரும்பிப் பார்க்காமல் "வந்துட்டியா" என்று கேட்ட மனிதர். இப்போது முட்டி உரச உட்கார்ந்தும், பின்சக்கரத்தில் காற்று குறைந்திருப்பதைப் பற்றிப் பேசினார்.

அதிகாரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. கோபம் என்றால் என்ன செய்வது என்று தெரியும், இதற்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கே ஊருக்குத் திரும்புவது, வேனை விற்பது, அதன்பிறகு ஆளுக்கு ஒரு வீடு.

அன்று மதியம் கணவர் அடுப்பைப் பற்றவைத்து வெங்காயத்தைப் போட்டார். அதிகாரியம்மா துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தொப்பிக்காரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், கட்டின மனைவி இருக்கும்போதே.

அதிகாரியம்மா கதவைத் திறந்துகொண்டு நேரே போய் அவள் முன்னால் நின்றார். பழைய வேலைக் குரல் தானாக வந்தது.

"மறைக்காம சொல்லுங்க. ஒரு கை தூக்குனா என்ன அர்த்தம், ரெண்டு கை தூக்குனா என்ன அர்த்தம்?"

தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றினாள். நரைத்த தலை, வியர்த்த முகம். மாட்டிக்கொண்டவர்களின் முகம் அதிகாரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும், இது அப்படி இல்லை.

"ஒரு கைன்னா வெங்காயம் செவந்திடுச்சு. ரெண்டு கைன்னா கருகுது. இப்பக் கருகுதும்மா, போய் அடுப்பக் குறைங்க."

"அது பக்கத்துல நிக்கிற அவருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும், போன வருஷம் காய்ச்சல்ல படுத்ததுலேருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியாதே, அது தெரிஞ்சா கரண்டியத் திரும்ப நீங்களே வாங்கிக்குவீங்கன்னு சொல்லாம வச்சிருக்காரு, உங்க மூக்குக்கு எதுவும் தப்பாதாமே, எப்பக் கண்டுபிடிப்பீங்களோன்னு மனுஷன் தெனமும் பயந்து சாகுறாரு."