மலையை இறக்கிய டேப்

இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு அரசாங்க வேலையும் டெரிலின் சட்டையும் ஒன்றாகக் கிடைக்கவே கூடாது. எனக்குக் கிடைத்துத் தொலைத்தன. எண்பதுகளின் தொடக்கம். ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மலை உச்சியில், செயற்கைக்கோள் மீது லேசர் அடித்துத் தூரம் அளக்கும் நிலையத்தில் நான் டெக்னீஷியன். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து, கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். (சொல்வது இயந்திரம். நான் சுவிட்சைத் தட்டுவேன்.)

அந்த இயந்திரத்தை அப்படியே நம்பிவிட முடியாது. கம்பிகளுக்குள் சிக்னல் ஓடுவதே கொஞ்சம் நேரத்தைத் தின்றுவிடும். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, முன்னூறு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைப் பலகையை நட்டு, தினமும் அதன்மேல் லேசர் அடிப்போம். பலகையின் தூரம் நமக்குத் தெரியும். இயந்திரம் கூடுதலாகச் சொல்வதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக, மொத்த நிலையத்தின் மானமும் அந்தப் பலகையின் தூரத்தில்தான் இருந்தது.

ஒரு மழையில் பலகை சாய்ந்தது. புதுக் கம்பம் நட்டோம்.

"சர்வேக்காரங்க வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஸ்டீல் டேப்பால அளந்து வைப்பா," என்றார் நிலையத் தலைவர் ராமநாதன்.

முப்பது மீட்டர் டேப்பைத் தரையில் விரித்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஜீப் பின்பக்கமாக வந்து அதன் நுனியை நசுக்கியது. (வரலாம் வரலாம் என்று ஜீப்புக்குக் கையசைத்தவன் யார் என்பது இங்கே தேவையில்லை.)

சாரிடம் சொன்னால் மெமோ நிச்சயம். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு ஓடினேன். அங்கே என் தோஸ்த் சலீம் ஷூவில் கயிறு கோக்கும் துளைகளுக்கு ஐலெட் வளையம் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்து, துளை போட்டு, ரிவெட் வைத்து டேப்பின் நுனி வளையத்தைத் திரும்ப மாட்டினான்.

"இன்னா ஃபினிஷிங் பாரு! இனிமே லாரியே ஏறினாலும் வளையம் கழலாது."

மலைக்குத் திரும்பியதும், வளையத்தை நிலையக் காவலாளி பிடித்துக்கொள்ள, மறுமுனையில் நான் எண்ணைப் பார்த்துப் பார்த்து அளந்தேன். இரண்டு வாரத்தில், எல்லா நிலையங்களின் அளவுகளையும் சேர்த்துக் கணக்கு பார்க்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டால், எங்களுக்கு மட்டும் கோள் ஒரு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. கடிகாரம், கம்பி, கண்ணாடி எல்லாவற்றையும் சோதித்தேன். எதிலும் குறையில்லை. அப்படியானால் ஒரே ஒரு முடிவுதான்: கோள் மேலே போகவில்லை, மலை கீழே போகிறது. நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதி சாரின் மேஜையில் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டையில் எனக்குப் பெண் பார்க்கும் படலம். பெண் பெயர் மல்லிகா. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், ஷூக்களில் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் செக்கர். அப்பா ரயில்வே கார்டு. அளவு என்றால் என்ன என்று இவர்களுக்குக் காட்டுவதற்காகவே டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"தம்பிக்கு மலை மேல இன்னா வேலை?" என்றார் அவள் அப்பா.

"மலை ஒரு மீட்டர் எறங்கிடுச்சு சார். நான்தான் கண்டுபிடிச்சேன்."

அவர் கையிலிருந்த காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "மூணடியா? ஐயையோ, அடிவாரத்துல மனை வாங்கிப் போட்டிருக்கேனே!"

"பயப்படாதீங்க. எங்க அளவு அவ்ளோ துல்லியம்," என்று டேப்பை எடுத்து நடு வீட்டில் வைத்தேன்.

கேசரித் தட்டோடு வந்த மல்லிகா தட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. டேப்பைப் பார்த்தாள். நுனியை இழுத்தாள்.

"இது பத்துல இருந்துதானே ஆரம்பிக்குது?"

"என்னது?"

"முன்னாடி பத்து சென்டி இல்லியே. எத்தினி தடவை வெச்சி அளந்தீங்க?"

"பத்து," என்றேன்.

பத்துப் பத்தா நூறு சென்டி, ஒரு மீட்டர் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் அப்பா மட்டும் திடீரென்று இருமினார். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை சாரிடம் ஜீப்பிலிருந்து கேசரிவரை ஒப்பித்தேன். அவர் என் அறிக்கையை நிதானமாக நான்காகக் கிழித்தார்.

"மலை எறங்கலப்பா. நீதான் எறங்கிட்டே."

நல்லவேளை, தப்பு எல்லா நாளும் ஒரே அளவு தப்பு, திருத்த முடிந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து, தாள் தாளாகச் சிவப்பு மையில் ஒரு மீட்டரைக் கழித்தேன்.

இந்த லட்சணத்தில் மல்லிகா எப்படிச் சம்மதித்தாள்? கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். "ரிஜெக்ட் பண்ற அளவுக்கு மோசமில்ல. ரீவொர்க்ல போட்டா தேறும்னு தோணிச்சு," என்றாள்.

மாமனாருக்குத்தான் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. அடிவாரத்து மனையில் வீடு கட்டும்போது, "தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க, சரி. இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும் மாப்ள," என்று பேஸ்மெண்டை மூன்றடி கூடுதலாகத் தூக்கிக் கட்டிவிட்டார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். தெருவில் எல்லா வீட்டுக்கும் மூன்று படி, எங்களுக்கு மட்டும் ஒன்பது. முழங்கால் வலியோடு நான் ஒவ்வொன்றாக ஏறும்போது, உள்ளே காத்திருக்கும் விருந்தாளிகளிடம் என் மகள் சொல்கிறாள்:

"கொஞ்சம் இருங்க. அப்பா மலை ஏறி வர்றாரு."