வேகம் கூட்டும் வித்தை

"அலாரம் அடிக்குது! ஓடுங்க, ஓடுங்க!"

டீச்சர் போட்ட சத்தத்தில் நான்கு மாணவர்களும் கட்டிலை நோக்கிப் பாய்ந்தார்கள். பொம்மை நோயாளிக்கு அவர்கள் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி முடிப்பதற்குள், நிஜ ஆளாக இருந்தால் பரலோகம் போய்ச் சேர்ந்திருப்பார்.

சுவாச சிகிச்சைப் படிப்பில் 'தரத்தை மேம்படுத்துவது எப்படி' என்ற பாடம் டீச்சர் மல்லுக்கட்டி வாங்கியது. குறையைக் கண்டுபிடி, சின்னதாக ஒன்றை மாற்று, பலன் இருக்கிறதா என்று அளந்து பார். அவ்வளவுதான். மதியம் மேலிடத்துக் குழு பார்க்க வருகிறது. வேகம் கூடாவிட்டால் பாடத்தையே தூக்கிவிடுவார்கள்.

"மாஸ்க்கைத் தேடுறதுலதான் நேரம் போகுது. டப்பாவுக்கெல்லாம் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவோம்!" டீச்சருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

ஒட்டினார்கள். அலாரம் அடித்தது.

"பச்சை டப்பா! பச்சைடா! ஐயோ, அது நீலம்!"

"பச்சைதான் மேடம் எடுத்தேன். நீங்க நீலம்னு சொன்னதும் திருப்பி வச்சுட்டேன்" என்றான் நெட்டையன்.

முன்னைவிடத் தாமதம்.

"சரி, ஆளுக்கொரு வேலை!" டீச்சர் தலைமாட்டில் நின்று கை நீட்டினார். "நீ குழாய்! நீ தலையைத் தூக்கு! நீ இல்ல, நீ!"

எந்த 'நீ' என்று புரியாமல் நால்வரும் தலையைத் தூக்கினார்கள். குழாய் சுவரிலேயே தொங்கியது.

"காதுல விழலையா? கொண்டு வாங்க அந்த மைக்கை!"

மைக்கில் அவர் போட்ட போட்டில் அலாரமே கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் தீப்பிடித்துவிட்டது என்று பயந்து, தன் பிள்ளைகளைத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து குழு உள்ளே நுழைந்து உட்கார்ந்தது. டீச்சர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அலாரம் வேறு அடித்துத் தொலைத்தது. அவர் கையையும் காலையும் ஆட்டினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவன் குழாயைச் செருக, ஒருத்தி தலையைத் தூக்க, நெட்டையன் மாஸ்க்கை மாட்ட, 'ஊமைக்கோட்டான்' என்று பெயரெடுத்த பெண் ஆக்சிஜனைத் திறந்தாள். டீச்சர் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆக்சிஜன் சரியாகப் போகிறது என்று பொம்மையின் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

குழுத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "அபாரம்! போர்டுல எழுதியிருக்கிற காலை நேரத்துக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! இந்தப் பாடம் எல்லாக் கல்லூரியிலயும் வரணும். என்ன மாத்துனீங்க? ஸ்டிக்கரா, வேலைப் பிரிப்பா?"

டீச்சர் பெருமை பொங்க இரண்டையும் சுட்டிக்காட்டினார்.

ஊமைக்கோட்டான் அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் இல்ல சார். மேடத்துக்குத் தொண்டை கட்டிடுச்சு."