கழுநீர்த் தொட்டியும் செஞ்சோளமும்

ஆனேக்கல்

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அர்ஜுனன் அவர்களுக்கு, மாமனார் வெங்கடசாமி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு லீனா எழுதுவது. இங்கு நானும் மாடும் நலம். அங்கு நீங்கள் நலம் என்பது, பேரன் கவின் பிறந்தநாள் விருந்தில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

"மாமாவுக்கு மாடு வளக்கவே தெரியாது. அந்தச் செஞ்சோளக் கூத்து ஒண்ணு போதாதா? இருக்கறதையும் வித்துட்டு பெங்களூர் பீன்யாவுல எங்களோட வந்து கெடக்கட்டும்" என்று பந்தியில் சொன்னீர்கள். நான் அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுத்து தெரியாது, ஞாபகம் தெரியும். பிள்ளையார் பால் குடித்த வருஷம் அது. ஊரே சொம்போடு என் வாசலில் நின்றது, நம் செவலைப் பசு வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது. அடுத்த மாசம் சூரிய கிரகணம். இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் வந்தீர்கள்.

ஓசூர்ச் சந்தையில் நான் வாங்கிய செஞ்சோளத்தை வாயில் போட்டு மென்று, "துவர்ப்பு ஜாஸ்தி மாமா, மாட்டுக்குச் செரிக்காது. சாணியப் பாருங்க, முழுசு முழுசா வருது" என்றீர்கள். வந்தது, ஒப்புக்கொள்கிறேன். விறகுச் சாம்பலைக் கரைத்து, தெளிந்த நீரில் சோளத்தை ஒரு நாள் ஊறவைத்து, இறுத்து, கழுவி, காயவைத்துப் போடுங்கள் என்று உங்கள் தீவனக் கம்பெனி வித்தையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். சாம்பலுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் கேஸ் அடுப்பு, அதுவும் நீங்கள் சொல்லி வாங்கியது. பேக்கரி விறகு அடுப்பில் கேட்டதற்கு, "ஏன் தாத்தா, பல்லு வெளக்கவா?" என்றான் பேக்கரிக்காரன். விறகுக்கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிக்காரனோ, நாலு வேட்டி தேய்க்கப் போட்டால்தான் சாம்பல் என்றான். என்னிடம் இருப்பதே இரண்டு வேட்டி. மற்ற இரண்டை இரவல் வாங்கித் தேய்த்தேன்!

ஊறவைத்த தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி இறங்கியது. சோளத்தைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். நாலாம் நாள் செவலைக்குக் கழிச்சல். ஆறாம் நாள் பால் ஒரு லிட்டர். மாட்டு டாக்டர் தொட்டியை எட்டிப் பார்த்து, "யாருய்யா இது, துவர்ப்பையெல்லாம் எடுத்து மாட்டுக்கே ஊத்தி வெச்சது?" என்றார். இறுத்த தண்ணீர் அவ்வளவும் கழுநீர்த் தொட்டியில்! அரிசி களைந்ததோ பருப்பு கழுவினதோ, இந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் தொட்டிக்குத்தானே போகும்? இறுக்கச் சொன்னீர்களே, கீழே கொட்டச் சொன்னீர்களா? படித்தவர் அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்? உங்களைத் திட்ட முடியாமல் உங்கள் மாமியார் அம்புஜத்தைத் தெருவே கேட்கத் திட்டினேன். "சரி, நான்தான்னே வெச்சுக்கங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் இப்போதிருக்கும் மாட்டை விற்க மாட்டேன். உங்கள் மூன்றாம் மாடிக்கு மாடு ஏறாது. அது ஏறாத இடத்துக்கு நானும் ஏறமாட்டேன். என் மகள் இளவேனிலுக்கும் கவினுக்கும் மனசார ஆசி. உங்களுக்கும் ஆசி, வயதில் சின்னவர் என்ற ஒரே காரணத்துக்காக.

இப்படிக்கு,
வெங்கடசாமி (கைநாட்டு)

பின்குறிப்பு: செஞ்சோளம் மறுபடி வாங்கியிருக்கிறேன். சாம்பல் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று எழுதி அனுப்பவும். இந்த முறை கீழே கொட்டிவிடுகிறேன். இன்னொன்று. அன்று இறுத்த தண்ணீர்க் குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தது அம்புஜம் இல்லை. யார் என்று தெரிந்தது மூன்று ஜீவனுக்கு. செவலை போய் ஐந்து வருஷம். அம்புஜம் போன வருஷம் தையில் போனாள், கடைசி வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது வெங்கடசாமி.