கொண்டை வெட்டச் சொல்லும் தலைவர்

அடுத்தவர் எப்போது ஓய்வுபெற வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்த ஓர் இனம் உண்டு. தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மட்டும் இவர்களுக்கு மறந்துபோகும். இவர்களில் முதல் தரமானவர் லண்டன் கிங்ஸ்பரி யோகலிங்கம் அண்ணை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத் தலைவர். எவ்வளவு காலமாக? அவர் பதவியேற்றபோது தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று சங்கத்தில் வாக்களிக்கிறார்கள்.

ஜப்பானின் சுமோ மல்லர்கள் லண்டனுக்கு வந்துபோனதிலிருந்து அண்ணைக்கு அந்தப் பைத்தியம். காலையில் தேநீரும் கையுமாகத் திரை முன் உட்கார்ந்தால், மிசுகியாமா என்னும் பெருமல்லன் பதினைந்து வயதில் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்ததையும், மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்ததையும், அவர்கள் உண்டு மிஞ்சியதைக் கடைசியில் உண்டதையும், படிப்படியாக உச்சப் பட்டத்துக்கு ஏறியதையும் தானே பெற்று வளர்த்த பிள்ளையின் கதைபோலச் சொல்லிக்கொண்டே போவார். அந்த மிசுகியாமாவுக்கு முழங்கால் போய்விட்டது. தோற்றுக்கொண்டே இருந்தான். உச்சப் பட்டம் பெற்றவனை யாரும் கீழே இறக்குவதில்லை. அவனாகத்தான் விலக வேண்டும். விலகினால் தலைக்கொண்டையை வெட்டிவிடுவார்கள்.

“மானம் போகமுதல் கொண்டையை வெட்டவேணும்!” என்று அண்ணை திரையைப் பார்த்து உறுமுவார்.

“அவன்ர பெண்சாதி எடுத்துச் சொல்ல மாட்டாளோ?” என்பார் அவர் மனைவி பாலாம்பிகை. யாரைச் சொல்கிறார்? அண்ணை அதைக் கேட்பதே இல்லை.

மிசுகியாமா விலகிய வாரத்திலேயே சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் வந்தது. தலைவர் பதவிக்கு இளைய உறுப்பினர் விதுஷா தயாராக இருந்தாள். பாவம், எத்தனையோ ஒன்றுகூடல்களுக்கு வெங்காயம் வெட்டி, மண்டபம் கூட்டி, மூத்தவர்கள் எழுந்த பிறகு ஆறிய சோறு சாப்பிட்டவள். இந்த முறையும் இல்லையென்றால் சங்கத்தை விட்டே போவதென்று முடிவோடு வந்திருந்தாள். அவள் போனால் அங்கே வேலை செய்ய ஆள் கிடையாது. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அண்ணை மேடையேறினார்.

“ஒவ்வொருத்தரா வந்து கொண்டையில ஒரு நறுக்கு நறுக்குவினம். கடைசியா ஆசான் வெட்டுவார். மல்லன் அழுவான். இடத்தை விடத் தெரிஞ்சவன்தான் வீரன்!”

குரல் தழுதழுத்தது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். பிறகு ஒரே கைதட்டல். மண்டபமே எழுந்து நின்றது. செயலாளர் பாஸ்கரன் பிரதம விருந்தினருக்கு வைத்திருந்த மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “அங்கிள், நீங்க உண்மையா கிரேட்!” என்று விதுஷா கண்களைத் துடைத்தாள்.

அண்ணை விழித்தார். “ஏன் எல்லாரும் எழும்புறியள்? நான் சுமோவைப் பற்றியெல்லோ கதைச்சனான்?”

பாஸ்கரன் மாலையோடு நடுவழியில் நின்றுவிட்டார். பாலாம்பிகை எழுந்து போய் அதை வாங்கிக் கணவரின் கழுத்தில் போட்டார்.

“இஞ்சாருங்கோ, அழுதாச்சு, சனம் கையும் தட்டியாச்சு. இறங்குங்கோ, வீட்டை போவம்.”

அண்ணை இறங்கினார். எந்த மல்லனும் அவ்வளவு சத்தமில்லாமல் களத்தை விட்டுப் போயிருக்க மாட்டான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத் தெரிந்த ஒரு தலைவர் நினைவுக்கு வந்து, இதை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாமே என்று கைபேசியையும் எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன், யார் யார் இதை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.