பெறுநர்: உயர்திரு பயம் அவர்கள்

மனு எழுதாத மனிதரை நம் நாட்டில் காண்பது அரிது. பட்டாவுக்கு எழுதுவோம், குடிநீர்க் குழாய்க்கு எழுதுவோம். ஆனால் தம் வயிற்றுக்குள் குடியிருந்த அச்சத்துக்கே முறைப்படி மனு எழுதி, மூன்று நாள் கெடு விதித்து, அதனிடமிருந்து பதிலும் பெற்றவர் இவ்வுலகில் ஒருவரே. இராசபாளையத்தில் நான் தமிழ்ப் பேராசிரியனாகவும் விடுதிக் காப்பாளனாகவும் இருந்த கல்லூரியில், பதினேழாம் அறையில் தங்கிப் பயின்ற முதுகலை மாணவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப்பதிவேட்டில் மட்டுமே உயிர்வாழ்ந்தது. விடுதி முழுமைக்கும் அவர் ‘மனுதாரர்’.

தேர்வுக்காலத்தில் ஒரு முற்பகல் அறைகளைப் பார்வையிடச் சென்றேன். பதினேழாம் அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது.

‘அனுப்புநர்: அறை எண் 17-இல் வசிப்பவர். பெறுநர்: உயர்திரு பயம் அவர்கள், அடிவயிறு. பொருள்: தேர்வு நாள்களில் காலை ஐந்து மணிக்கே வருகை தருவதைத் தவிர்த்தல் தொடர்பாக. ஐயா, தாங்கள் வருவதில் எனக்கு மறுப்பில்லை. எட்டரை மணிக்கு, நான் இட்லி உண்ட பின்னர் வருமாறு பணிந்து வேண்டுகிறேன். மூன்று நாள்களுக்குள் பதில் தருக.’

முப்பத்தைந்து ஆண்டுகள் சிவப்பு மையால் வயிறு வளர்த்தவன் நான். பழக்கத்தால் பேனாவைத் திறந்தேன். திருத்த ஓரெழுத்தும் இல்லாமையால் மூடினேன். அத்தகைய நாள் என் பணிக்காலத்தில் வேறொன்று இல்லை.

“பதில் வந்ததா?” என்று அறையிலிருந்த அவரிடம் வினவினேன்.

“வந்துச்சுங்கையா. அது எடத்துல உக்காந்து நான்தான் எழுதுனேன். எட்டரை வரைக்கும் பொறுக்க முடியாதாம், ஏழுக்கு வருதாம். மொத இட்லியவாவது நிம்மதியா திங்கலாம்லா, ஒத்துக்கிட்டேன்.”

முதலாண்டில் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னர் அவர் வாந்தியெடுத்தார் என்பதையும், மனு எழுதத் தொடங்கிய பின்னர் அது நின்றது என்பதையும் அவருடைய அறைத்தோழன் காசிம் பிறகு கூறினான்.

மனுதாரரின் தந்தை திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே மேசையிட்டு மனு எழுதுபவர். பள்ளி விடுமுறைகளையெல்லாம் அம்மேசைக்கருகில் கழித்த மகனுக்கு, உரிய வடிவில் எழுதப்படாத துன்பம் எதுவும் தீராது என்பது அசைக்கவியலா நம்பிக்கை. அந்நம்பிக்கை விடுதியெங்கும் பரவியது. மாலை ஐந்து மணியானால் பதினேழாம் அறை வாசல் வட்டாட்சியர் அலுவலகமாக மாறிவிடும்.

“ஏலே, வரிசையா வாங்க. ஒரு மனுவுக்கு ஒரு குறைதான். வீட்டு நெனப்பு, அரியர், காதலு, அம்புட்டையும் ஒரே தாள்ல எழுதுனா எந்த அதிகாரிடே படிப்பான்?”

“எனக்கு ஒரே குறைதான் மனுதாரரே. நீ எதுக்கும் லாயக்கில்லன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு.”

“இணைப்பு எங்க?”

“என்ன இணைப்பு?”

“லாயக்கில்லன்னு சொல்லுதுல்லா, அதுக்கு ஆதாரம். நகல் ரெண்டு வேணும். இல்லாட்டி மனு தள்ளுபடி.”

அம்மாணவன் ஆதாரம் தேடிப் போனான். தோற்ற மதிப்பெண் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதே உறையில் தேறிய பட்டியல்கள் ஏழு இருந்தன. அவன் வரிசைக்குத் திரும்பவில்லை.

எழுதி முடித்த மனுவை எழுதியவனே உரக்க வாசிக்க வேண்டும், கேட்பவர் அடியில் ‘வாசிக்கக் கேட்டேன், சரி’ என்று கையொப்பமிட வேண்டும். “எழுதுறது பாதி வேலதான்யா. வாசிக்கும்போதுதான் அவிய மொகமே மாறும்னு எங்கப்பா சொல்லுவாவ” என்பார். சில தாள்களைக் கண்டதும் மட்டும் பேனாவை மூடிவிடுவார். “இது நம்ம எல்லையில வராது. மேல்முறையீடு” என்று சொல்லி, கல்லூரி மனநல ஆலோசகரின் அறைவரை தாமே உடன் நடந்து, அம்மாணவன் வெளிவரும் வரை வாசலில் அமர்ந்திருப்பார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவ்வயதில் அறிந்திருந்த அவரை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

அவ்வாண்டில்தான் முருகேசன் அறைக்குள் அடைந்துகொண்டான். வேதியியல் முதலாண்டு மாணவன், ஆலங்குளத்துப் பிள்ளை. கருத்தரங்கில் பேச எழுந்தபோது குரல் நடுங்கிற்றாம், வகுப்பே சிரித்ததாம். பதினொரு நாள்களாக வகுப்புக்கும் போகவில்லை, எவரிடமும் பேசவுமில்லை. ஆலோசகர் அறைக்கு வந்து பார்த்தார். அவரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாயிறன்று தந்தை வந்து படிப்பை நிறுத்தி அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. பை கட்டித் தயாராயிருந்தது.

மனுதாரர் ஆலோசகரிடம் ஒப்புதல் பெற்று, வெள்ளைத்தாளோடு அவனெதிரே அமர்ந்தார். “நீ ஒண்ணும் எழுத வேண்டாம். பெறுநர் யாருன்னு மட்டும் சொல்லு.” முற்பகல் கழிந்தது. உணவுநேரமும் கழிந்தது. பிற்பகலில் முருகேசன் தாளை வாங்கி எழுதினான்: ‘பெறுநர்: என் குரல்.’

அதன்பின் இரண்டு பக்கங்கள் அவனே எழுதினான். மனுதாரர் படித்துவிட்டு, ‘வகுப்பே சிரித்தது’ என்ற வரியின் கீழ்க் கோடிட்டார். இணைப்பு இல்லை.

மறுநாள் வேதியியல் துறைத்தலைவர் சினத்தோடு என்னிடம் வந்தார். வகுப்பினர் அனைவருக்கும் எழுத்துமூல விளக்கம் கேட்டுக் கடிதம் சென்றிருந்தது. பேராசிரியருக்கும் ஒன்று! மனுதாரரை அழைத்துக் கண்டித்தேன்.

“விசாரிக்காம எப்படிங்கையா இணைக்கிறது?” என்றார் அமைதியாக. “பதில் எல்லாம் வந்துட்டு. செத்த நேரம் படிச்சுப் பாருங்க.”

படித்தேன். ஒன்பது பேர் அலைபேசியில் ஆழ்ந்திருந்தனர். அறுவர் உறங்கினர். ஒருவன் அன்று கல்லூரிக்கே வரவில்லை. ஆயினும் பதில் எழுதியிருந்தான். மூவர் சிரித்தது உண்மை. சன்னல் வழியே பழம் திருடிய குரங்கைக் கண்டு. தன் குரலும் நடுங்கும் என்பதால் தலைகுனிந்திருந்ததாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். பேராசிரியர் வருகைப்பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்; எதையும் கவனிக்கவில்லை. ஏனையோருக்கு எதுவும் நினைவில்லை. அவனைக் கண்டே சிரித்தவன் ஒரே ஒருவன். அவன் மன்னிப்புக் கேட்டிருந்தான். அப்பதில்கள் அனைத்தையும் மனுதாரர் மனுவோடு இணைத்து முருகேசனிடமே படிக்கக் கொடுத்தார்.

ஞாயிறு காலை முருகேசனின் தந்தை வந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுபவர். “பயலக் கூட்டிட்டுப் போறேன் சார். லாரியில எங்கூடயே வச்சுக்கிடுதேன். படிப்பு கெடக்கு, உசுரு முக்கியம்லா.”

“அண்ணாச்சி, மனு ஒண்ணு இருக்கு. வாசிக்கக் கேட்டுட்டுப் போங்க” என்றார் மனுதாரர்.

முருகேசன் எழுந்தான். முதற்சொல்லிலேயே குரல் நடுங்கிற்று. ஒரு வரியில் திணறியபோது காசிம் எடுத்துக்கொடுக்க வாய்திறந்தான். மனுதாரர் அவன் தொடையில் கிள்ளினார். இரண்டு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ‘தாங்கள் நடுங்கியபடியே வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வாராது மட்டும் இருந்துவிடவேண்டாம்’ என்ற இறுதி வரியை அவன் வாசித்தபோது, அறையில் எவரும் சிரிக்கவில்லை. நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தந்தை மகனருகே வந்தார். “இம்புட்டு நேரம் நீ பேசி நான் கேட்டதே இல்லயே ராசா.” பிறகு மனுதாரரிடம் திரும்பி, “கையெழுத்து எங்க போடணும் தம்பி?” என்றார்.

போகும்போது பையிலிருந்த துணிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, வெறும்பையை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சென்றார். முருகேசன் அடுத்த கருத்தரங்கிலும் நடுங்கினான். இறுதிவரை நடுங்கியே பேசி முடித்தான்.

நான் ஓய்வுபெற்று இப்போது திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வசிக்கிறேன். மனுதாரர் ஏதோவொரு நகரில் பணியிலிருக்கிறார். திருத்தத் தாள்கள் வாராத என் காலைப்பொழுதுகள் சற்றே நீளமானவை. சென்ற வாரம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அனுப்புநராக என்னையும் பெறுநராக மனுதாரரையும் எழுதி, ‘பொருள்: ஒருமுறை வந்து செல்லுதல் தொடர்பாக’ என்று குறித்தேன். வீட்டில் கேட்க ஆளில்லை. எனினும் முறைப்படி உரக்க வாசித்தேன். என் குரலும் சிறிது நடுங்கிற்று.

இணைப்பு எதுவும் வைக்கவில்லை. ஆதாரம் வேண்டுமெனில் அவரே நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.