மனு அண்ணாச்சியும் நாற்பத்து மூன்று கவலைகளும்

மனு அண்ணாச்சி கேட்டு "இல்லை" என்று சொன்ன மனிதர் தூத்துக்குடியில் கிடையாது. அப்படி ஒருவர் இருந்திருந்தால் துறைமுகம் வழியாகக் கப்பலேறித் தப்பித்துப் போயிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு மடக்கு மேசை, ஒரு பெரிய கறுப்புக் குடை, ஒரு கட்டு வெள்ளைத்தாள். திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாளில் அவர் முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். பட்டா, பென்ஷன், பக்கத்து வீட்டு முருங்கைமரம், எதுவானாலும் எழுதித் தருவார். மற்ற நாட்களில் அநாதை இல்லம், முதியோர் இல்லம் என்று தர்ம காரியங்களுக்கு நன்கொடை கேட்டு எழுதுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். ஒரு டீ, ஒரு வடை. வடையில் ஓட்டை சிறியதாக இருந்தால் எழுத்து நன்றாக ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரே நிபந்தனை, எதைப் பற்றி எழுதுகிறாரோ அதை அவர் இருந்து பார்த்துவிட வேண்டும். ஒரு தடவை முதியோர் இல்லத்துக்காக எழுத ஒப்புக்கொண்டு, பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு அங்கேயே போய்த் தங்கிவிட்டார். வீட்டில் சொல்ல மறந்துபோனார். மூன்றாம் நாள் அவர் மகன் கண்கலங்கி வந்து நின்றானாம்.

"அப்பா, ஒங்க மருமவ என்ன சொன்னான்னு சொல்லுங்க. நான் கேக்கேன். வீட்டுக்கு வாங்க."

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. "சத்தம் போடாதல. நாலாம் பக்கத்துல நிக்கேன்."

இல்லத்துக்கு நன்கொடை வந்தது. மருமகளுக்குக் கெட்ட பெயர் வந்தது. அந்தப் பெண் இரண்டு வருஷம் தெருவில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி என் கதை. நான் எட்டாவதோடு நின்றவள். உப்பளத்துக்குப் போகிற பாதையில் ஒரு பிள்ளைகள் காப்பகம் இருக்கிறது. அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் விடிகிற நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகள். நடத்துவது நாசரேத் பக்கத்திலிருந்து வந்த ரோஸ்லின் டீச்சர். சமையலும் சாவியும் என் பொறுப்பு. கவலைப்படுவதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கவலையில் ஒன்று பலித்துவிட்டது. எங்களுக்கு உதவி செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக் குடும்பம், மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டது. காப்பகத்தை மூடினால் பிள்ளைகள் தாயோடு அளத்துக்குத்தான் போகவேண்டும். ஒரு தார்ப்பாய்த் துண்டுக்கு அடியில், கண்ணைத் திறக்க முடியாத அந்த வெள்ளை வெயிலில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் டீச்சர் மனு அண்ணாச்சியை அழைத்துவந்தார்.

அண்ணாச்சி வந்ததும் செய்த முதல் காரியம், பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டது. இரண்டாவது, அவர்களோடு பாயில் படுத்துத் தூங்கியது. அவருடைய குறட்டையில் நாலு பிள்ளைகள் எழுந்து அழுதன. அதையும் குறித்துக்கொண்டார்.

"பெரிய விண்ணப்பம் எழுத நாளாகும். அதுவரைக்கும் அரிசியும் விசிறியும் கேட்டு வருவோம். ஏளா செல்வி, கிளம்பு" என்றார்.

பஜாரில் ஒரு மின்சாமான் கடைக்குள் நுழைந்து, கடைக்காரரிடம் "அண்ணாச்சி, நாலு மூட அரிசி வேணும்" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. அடுத்து அரிசி மண்டியில் போய், "மூணு ஃபேன் வேணும்" என்றார். மருந்துக் கடையில் குக்கர் கேட்டார். வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன்.

"கடை மாத்திக் கேக்கியளே அண்ணாச்சி. வெயில்ல தலை கிறங்கிட்டா?"

"போ ளா. அரிசிக் கடைல அரிசி கேட்டா என்னத்தத் தருவான்? மூலைல கெடக்க வண்டு அரிசி. ஃபேன் கடைக்காரரு அரிசி வாங்கப் போனா, இன்னொரு யாவாரி முன்னால மட்டமா வாங்குவாரா? மானம் போயிரும்லா."

மறுநாள் வந்த அரிசியைப் போல நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. மூன்று விசிறியும் கேரண்டி அட்டையோடு வந்தன.

ஆனால் விசிறியை வைத்து வாடகை கொடுக்க முடியாதே. சென்னையில் ஒரு அறக்கட்டளை மூன்று வருஷத்துக்கு உதவி செய்கிறது, கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம் என்று டீச்சர் கண்டுபிடித்தார். மொத்தம் பதினோரு கேள்விகள்.

அண்ணாச்சிக்கு மனு எழுதித்தான் பழக்கம். முதல் கேள்வி, அமைப்பின் பெயர் என்ன. அதற்கு அவர் எழுதிய பதில்: அனுப்புநர், பெறுநர், பொருள்: எங்கள் அமைப்பின் பெயரைத் தெரிவித்தல் தொடர்பாக, ஐயா, வணக்கம், என்று ஆரம்பித்து, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று முடிந்தது. பதினோரு கேள்விக்கும் பதினோரு அனுப்புநர், பதினோரு வணக்கம். கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர் தட்டத் தட்ட, எழுத்து அதிகம் என்று கட்டங்கள் எல்லாம் சிவப்பாக மாறின.

"அண்ணாச்சி, வணக்கத்தையெல்லாம் எடுத்துரணும்" என்றார் டீச்சர்.

"கேக்கப் போற எடத்துல வணக்கம் சொல்லாம எப்படி? இந்தப் பெட்டிக்கு மரியாதன்னா என்னன்னு தெரியலயே" என்று புலம்பிக்கொண்டே பத்து வணக்கத்தை எடுத்தார். ஒன்றை விடமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்து டீச்சர் எழுதிய பகுதி. மனசை உருக்குகிற மாதிரி எழுதியிருந்தார். அண்ணாச்சி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பெண்களை உட்காரவைத்து உரக்க வாசித்தார். அவருடைய பழக்கம் அது. யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் சிரித்தால் அந்த வரியை அடித்துவிடுவார்.

"உப்பளத்திலேயே பிறந்து, கண்ணீரிலேயே வளரும் இந்தப் பிஞ்சுகள்..."

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்பிள்ள பெரியாஸ்பத்திரியிலல்லா பொறந்தா. அளத்துல போயி எவ பெத்தா?"

அண்ணாச்சி அந்த வரியை அடித்தார். "சரி, ஒனக்கு என்ன வேணும்? நீ சொல்லு."

பேச்சியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "உப்பு வாருதப்போ திரும்பித் திரும்பிப் பாக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியைத்தான் அண்ணாச்சி அப்படியே எழுதினார்.

பத்தாவது கேள்வியில் எல்லாம் நின்றுவிட்டது. "இத்திட்டத்தில் என்னென்ன தவறுகள் நேரலாம்? நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்." டீச்சர் எழுதியிருந்தார்: "ஒன்றுமில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார்."

"டீச்சர், இதுல ஆண்டவர் கையெழுத்துப் போடமாட்டாரு. நாமதான் போடணும்" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏளா, காலைலருந்து அடுப்படில என்னமோ பொலம்பிக்கிட்டே கெடக்கியே. அதச் சொல்லு."

"அது சும்மா அண்ணாச்சி. பைத்தியக்காரத்தனம்."

"பைத்தியத்த வரிசையாச் சொல்லு."

சொன்னேன். கேஸ் சிலிண்டர் உருண்டுவிட்டால். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து சாவியைக் கொண்டுவர முடியாமல் போனால். லாரித் தண்ணீர் உப்புக் கரித்தால். யாரோ ஒரு ஆள் வந்து நான்தான் பிள்ளையின் மாமா என்று சொன்னால். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அதுக்கு நீ என்ன செஞ்ச?"

சிலிண்டரைக் கொடிக்கயிற்றால் கட்டிவைத்திருக்கிறேன். இன்னொரு சாவி பேச்சியம்மாள் வீட்டில் இருக்கிறது. தண்ணீரை முதலில் நான் குடித்துப் பார்ப்பேன். மாமா என்று வருகிறவனிடம் பிள்ளைக்கு எந்தக் காய் பிடிக்காது என்று கேட்பேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கவலைப்பட்டதோடு நான் சும்மா இருக்கவில்லை. நாற்பத்து மூன்று கவலை, நாற்பத்து மூன்றுக்கும் ஏதோ ஒன்று செய்துவைத்திருந்தேன். அண்ணாச்சி பதினாலு பக்கம் எழுதி, மேலே "இணைப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டார். மனு எழுதுகிறவருக்கு இணைப்பு என்றால் பலகாரம் மாதிரி.

"இவ்வளவு பயத்தையும் காட்டினா பணம் தருவாங்களா?" என்றார் டீச்சர். எனக்கும் அதே பயம். நாற்பத்து நான்காவதாகச் சொல்ல நினைத்தேன். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சென்னை அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வந்தார். அண்ணாச்சியும் குடையோடு வந்து நின்றார். பிள்ளைகள் பாட்டுப் பாடத் தயாராக நின்றன. அந்த அம்மா பாட்டைப் பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பதினாலு பக்கத்தையும் எடுத்தார்.

"சிலிண்டர் எங்கே?"

காட்டினேன். கயிற்றை இழுத்துப் பார்த்தார். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும்போது அரைமணிக்கு ஒருமுறை தலை எண்ணுகிற நேரம் வந்தது. எண்ணினேன். இருபத்தேழு. மறுபடி எண்ணினேன். இருபத்தேழுதான். பேச்சியம்மாள் மகள் மாரி இல்லை.

கை தானாக வேலை செய்தது. முதலில் கேட்டைப் பூட்டினேன். அடுத்துத் தண்ணீர்த் தொட்டி, அதன் பிறகு குளியலறை, அடுப்படி, பாய் அடுக்கின் பின்பக்கம். பட்டியலில் ஏழாவதாக, பிள்ளை ஒன்று குறைந்தால் என்பதற்கு எப்படி எழுதியிருந்ததோ அப்படியே. அந்த அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே என் பின்னாலேயே ஓடிவந்தார். அண்ணாச்சி குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசல் பக்கம் போனார்.

"இங்கன இருக்கா, வாங்க" என்று அவர் குரல் வந்தது.

வளாகத்துக்குள் நிறுத்தியிருந்த அந்த அம்மாவின் காருக்குள், ஏசியில், பின் சீட்டில் கால்மேல் கால் போட்டு மாரி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. வாயில் வந்தது வேறு. "அண்ணாச்சி, காரை நாம பட்டியல்ல சேக்கலியே."

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். சென்னை அம்மாவின் கையிலிருந்த தாளை வாங்கி, நான் எழுதினேன்: நாற்பத்து நான்கு, வந்தவர்கள் கார். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எழுத்துப் பிழை எத்தனை என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பாட்டுக் கேட்டார்.

மூன்று வருஷத்துக்கும் உதவி கிடைத்தது. செய்தி வந்த அன்று கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த மேசைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணாச்சி யாருக்கோ முருங்கைமர மனு எழுதிக்கொண்டிருந்தார்.

"எழுதுனது நான். செஞ்சு வச்சது நீதான ளா" என்றார். வாழ்நாளில் என் கவலையைக் கேட்டுவிட்டு, "சும்மா கெட" என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

இப்போது விண்ணப்பத்தைப் புதுப்பிக்கிற நேரம். பட்டியல் ஐம்பத்தொன்று வரை வளர்ந்திருக்கிறது. போன திங்கட்கிழமை அண்ணாச்சி நடுரோட்டில் நின்றுகொண்டு ஒரு டவுன் பஸ் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். முன்னாலும் ஹாரன், பின்னாலும் ஹாரன். சர்க்கரை மாத்திரை போட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, வடை தின்றேன் என்றார். வீட்டுக்கு வந்து ஐம்பத்திரண்டாவதை எழுதினேன்: "மனு அண்ணாச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

எதிரே, என்ன செய்வோம் என்கிற கட்டத்தில் எழுத ஒரு வாரமாக எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.