கணினியின் பின்பக்கமே அதன் திருமுகம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின்னர், தீவுக் கிராமமான கரம்பொன்னில் வெண்சங்கு சனசமூக நிலையம் கணினிக்கு முகம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும்வரை, உலகத்தில் குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் முழுப் பெருமையும் நிலையத்தின் தலைவரும், அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்து இளைப்பாறிய பிரதம இலிகிதருமான குலசிங்கத்தையே சேரும். கனடாவில் வாழும் ஆரூரன், தன் காலஞ்சென்ற தகப்பனார் தம்பிராசாவின் நினைவாக, கப்பலில் ஒரு தொகுதி மேசைக் கணினிகளை அனுப்பியிருந்தார். அலுவலகத்தில் இருக்க வயது மீறியவை, அருங்காட்சியகத்துக்குப் போக வயது போதாதவை. ஒவ்வொன்றும் படுத்திருக்கும் தகரப் பெட்டி. அதன் தலைமேல் குட்டி யானையைப் போன்ற ஒரு திரை.

இந்தக் 'கணினிப் புரட்சி'க்கு மண்டபம் வேண்டியிருந்தது. மண்டபத்தில் அன்னபூரணம் ரீச்சரின் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புரட்சிக்கு வழிவிட்டுத் தையல் மிசின்கள் விறாந்தைக்குப் போயின. ஐப்பசி மழையும் அங்கேதான் வந்தது.

"அண்ணை, மிசின் எல்லாம் நனையுது. பெட்டையள் குடை பிடிச்சுக்கொண்டோ தைக்கிறது?" என்று ரீச்சர் குலசிங்கத்திடம் போனார்.

"அன்னபூரணம், நாடு முன்னேறிப் போற பாதையில நீர் ஊசியோட குறுக்க நிக்கிறீர்."

"உந்தப் பெட்டியள் வேலை செய்யுமோ எண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு வாக்குச் சொல்லுங்கோ. திறப்புவிழா அண்டைக்கு ஒரு திரையிலயாவது படம் வராட்டி, மண்டபத்தைத் திருப்பித் தருவியளோ?"

"படம் வராட்டியோ? நானே மிசினைத் தோளில சுமந்து வந்து உள்ளுக்க வைப்பன்!"

செயலாளர் யாகப்பு சாட்சி. அவர் வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர். சத்தம் வரும் எந்தப் பொருளையும் தனக்குத் தெரியும் என்பவர்.

அடுத்த நாள் குலசிங்கம் மண்டபத்தில் கதிரைகளைப் போட்டு, பிரதம விருந்தினர் அமரப்போகும் இடத்தில் தானே அமர்ந்து பார்த்தார். அதிர்ந்துபோனார். மேசைகளில் மாணவர்கள் சபையைப் பார்த்து இருப்பார்கள். ஆகவே சபைக்குத் தெரிவது கணினியின் பின்பக்கம்!

"யாகப்பு, உதென்ன கோலம்? முழுக்க ஓட்டை! ஊதா, பச்சை, நீலம், றோஸ்... பல்லு விழுந்த பேய்க்கு ஆரோ பொட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு."

"வயர் செருகிற இடமாக்கும் அண்ணை."

"இருக்கட்டும். அதுக்காக, பெத்த தகப்பன்ரை ஞாபகமா ஒருத்தர் தாற பொருள் அலங்கோலமா இருக்கலாமோ? பேரை எங்க எழுதிறது? முன்பக்கம் எழுதினால் படிக்கிற பிள்ளையள் மட்டுந்தான் பாக்கும். அதால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

இந்த ஆழ்ந்த சிந்தனையின் விளைவாக றொபேட் அழைக்கப்பட்டான். தீவிலுள்ள வள்ளங்களுக்கெல்லாம் பெயர் எழுதுபவன். முதலில் பின்பக்கம் முழுவதற்கும் வெள்ளை அடித்தான், இரண்டு பூச்சு. அதன்மேல் கடல் நீலத்தில் 'அமரர் தம்பிராசா ஞாபகார்த்தம்' என்று எழுதினான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற இடத்தில் ஏற்கனவே ஒரு வட்ட ஓட்டை இருந்தது அவனுக்குப் பெரிய வசதி. பெட்டி பெட்டியாக அதை நிரப்பிக்கொண்டு போனான்.

"வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற் அண்ணை. உப்புத்தண்ணிக்கும் அசையாது. பெட்டி உக்கினாலும் பேர் உக்காது."

குலசிங்கத்தின் கண்கள் கலங்கின. பெயின்ற் வாசமும் ஒரு காரணம்.

கணினிகளைப் பொருத்திக் கொடுக்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை கிறிஸ்ரினா வந்தாள். பின்பக்கத்தைப் பார்த்தவள் கையிலிருந்த வயர்களை மேசையில் வைத்தாள்.

"சேர், உந்தப் பழைய பெட்டியளுக்கு நிறந்தான் அடையாளம். ஊதா வட்டம் விசைப்பலகைக்கு, பச்சை வட்டம் மவுசுக்கு, நீலம் திரைக்கு, றோஸ் நிற நீட்டு வாய் பிரிண்டருக்கு. இஞ்ச நிறம் எங்க?"

"வெள்ளை, பிள்ளை. எல்லாரும் சமம்."

"ஓட்டை எங்க சேர்?"

"அமரருக்குக் கீழ."

அன்றே 'பொருத்துவாய் அடையாளம் காணும் உபகுழு' அமைக்கப்பட்டது. அதன் முதற் கூட்டத்தில் பெரிய நெருக்கடி ஏற்பட்டது. ஊசி நீட்டிக்கொண்டிருப்பது ஆண் பொருத்தி, குழி உள்ளது பெண் பொருத்தி என்று கிறிஸ்ரினா விளக்கினாள். குலசிங்கம் எழுந்து யன்னலைச் சாத்தினார். சனசமூக நிலையத்தில் இத்தகைய பேச்சு தகாதென்றும், இனிமேல் 'திருவாளர் பொருத்தி', 'செல்வி பொருத்தி' என்றே வழங்கவேண்டுமென்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

விறாந்தையிலிருந்து அன்னபூரணம் ரீச்சரின் குரல் கேட்டது.

"சாதகம் பாத்தோ செருகப் போறியள்?"

"ரீச்சர், பெயின்ற்றைக் கிண்ட ஒரு ஊசி தாரும்!" என்றார் யாகப்பு.

"மழையில ஊசியெல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு. வந்து அள்ளிக்கொண்டு போங்கோ!"

கறள் பிடித்த ஊசிகளால் உபகுழு ஆராய்ச்சியில் இறங்கியது. மின்சாரம் ஏற்றும் வாய் பெரியது என்பதால் அது அகப்பட்டது. வட்டங்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், எது எதுவென்று பெற்ற கனடாவுக்கே தெரியாது. திரைக்குரிய வாயின் சிறு குழிகளில் பெயின்ற் கல்லாகியிருந்தது. "இறுகின நட்டுக்கு இதுதான் மருந்து" என்று யாகப்பு திரையின் வயரை அந்த வாயில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். திருவாளர் பொருத்தியின் ஊசிகள் அனைத்தும் பணிவுடன் தலைசாய்த்தன. இதே சிகிச்சை எல்லாத் திரைகளுக்கும் பாரபட்சமின்றி வழங்கப்பட்டது. கிறிஸ்ரினா கும்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

விழா நாள் வந்தது. கனடாவிலிருந்து வந்திறங்கிய ஆரூரன் நாடா வெட்டினார். குலசிங்கம் சுவிச்சைப் போட்டார். பெட்டிக்குள் காற்றாடி சுழன்று பெரிய இரைச்சல் எழுந்தது. சபை கைதட்டியது. ஆரூரன் பின்பக்கத்தின் எதிரில், அதாவது முகத்தின் எதிரில், அசையாமல் நின்றார்.

"அப்பான்ரை பேர் எவ்வளவு வடிவா இருக்கு... சரியா வேலை செய்யுது, என்ன?"

"சத்தம் கேக்குதுதானே தம்பி," என்றார் குலசிங்கம்.

ஆரூரன் ஒவ்வொரு பெயருடனும் நின்று படமெடுத்தார். அடுத்த வருடம் மேல்மாடி கட்டித் தருவதாகவும், அதற்கு அம்மாவின் பெயர் என்றும் அறிவித்துவிட்டு வாகனம் ஏறினார்.

மண்டபம் வெறுமையானதும் அன்னபூரணம் ரீச்சர் மேசைகளைச் சுற்றிக்கொண்டு போய், விழாவில் எவரும் பார்க்காத பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணை, ஒரு திரையிலயும் ஒண்டுமில்லை. அமாவாசை மாதிரிக் கிடக்கு. எங்க, தோளைக் கொண்டுவாங்கோ. மிசினைத் தூக்குவம்."

குலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"படம் வராட்டி எண்டுதானே கதைச்சனாங்கள்? ஆரூரன் எத்தினை படம் எடுத்துக்கொண்டு போறார், நீர் காணேல்லையோ? மண்டபம் இப்ப கனடா முழுக்கத் தெரிஞ்ச இடம். இனி மாத்த ஏலாது."

ரீச்சர் யாகப்புவைப் பார்த்தார். யாகப்பு இரையும் பெட்டியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கணினிகள் இன்றும் மண்டபத்தில் உலர்ந்த சுகத்துடன் வீற்றிருக்கின்றன. ஒவ்வொரு வெள்ளியும் அமரருக்குத் தூசு தட்டப்படுகிறது. மழைக்குள் விறாந்தையில் பெண்கள் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறார்கள். அந்த மிசின்கள்மீது குற்றமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. கோயில் திருவிழாவில் கூழ் விற்று அந்தப் பெண்களே சேர்ந்து வாங்கியவை அவை. யாருடைய பெயரும் எழுதாமல், வெட்கமில்லாமல், இத்தனை வருடமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன.